பக்கவாட்டுப் படம்

ஜூன் 11, செவ்வாய்

எலும்பு டாக்டரின் அறையில் இன்று காலை இருந்தவர்கள்: டாக்டர், கதவோரம் நின்ற நர்ஸ், அக்கா, அத்தான், நான். ஆக ஐந்து பேர். நாற்காலி மூன்று. நர்ஸும் நானும் நின்றோம்.

நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். ஓரகத்தி என்றேன். "ஓரகத்தியா? ஃபைலை எல்லாம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தாள். இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீடு. மாடியில் அத்தானும் அக்காவும், கீழே இவரும் நானும். இதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

டாக்டர் ஸ்கேன் தாளைப் புரட்டி, பேனா முனையால் ஓர் எண்ணைத் தொட்டார். மைனஸ் மூன்று புள்ளி ஒன்று. "மைனஸ் ரெண்டரைக்குக் கீழ வந்தாலே எலும்பு தேய்மானம்னு சொல்லுவோம். உங்களுக்கு மூணைத் தாண்டியாச்சு." அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அதான் கடையில துணி உருளையைத் தூக்குனதுக்கே மணிக்கட்டு பிஸ்கட் மாதிரி முறிஞ்சுதா" என்றாள், யாருடைய கையையோ சொல்வதைப் போல.

"மாசாமாசம் வர்றது எந்த வயசுல நின்னுச்சு?" என்று டாக்டர் கேட்டார். அத்தான் உடனே சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார். அக்கா, "ஒரு நாப்பத்தொம்பது, அம்பது இருக்கும்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

முப்பத்தொன்பது. எனக்குத் தெரியும். அந்த வருஷம் குழந்தைதான் என்று நம்பி நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதவள். நான் அவளைப் பார்த்தேன். செருப்பால் என் கால்விரலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டேன். கேட்டது அவளை, என்னை இல்லை.

தினம் ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை. வாரம் ஒரு தடவை வெறும் வயிற்றில் இன்னொன்று. படங்களை என் கையில் கொடுத்தார்கள். பக்கவாட்டுப் படத்தில் முதுகெலும்பு நூல்கண்டுகளை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. கடைத்துணியிலிருந்து நூல் ஏதோ ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 12

மருந்து நோட்டு போட்டாயிற்று. தேதி, மாத்திரை, வலி எங்கே, குறிப்பு. மேலே 'எலும்பு' என்று தலைப்பு எழுதி இரட்டைக் கோடு இழுத்தேன். அறிக்கையிலிருந்து எண்ணை மட்டும் எடுத்து முதல் வரியில் பதிந்தேன். அறிக்கையை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

காலைப் பிரார்த்தனைப் பட்டியலில் அக்காவை முதலில் கொண்டுவந்தேன். பட்டியலில் இரண்டு பாதி. இருப்பவர்கள், போனவர்கள். இருப்பவர்களில் பதினேழு பேர்.

குட்டி போன் செய்தாள். "எலும்பு டாக்டர் சொன்னதை அம்மா பாதிதான் சொல்லுவாங்க, நீங்க முழுசா சொல்லுங்க சித்தி" என்றாள். முழுசாகச் சொன்னேன். வயதை மட்டும் சொல்லவில்லை. "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க நிம்மதியா வேலை பாக்குறேன்." நான் பெறவில்லை, எட்டு வயதிலிருந்து தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினது நான். இப்போது அவளுக்கு முப்பத்தாறு. வேறு ஊரில் கட்டட வரைபடம் போடுகிறாள்.

ஜூலை 3

பாட்டிலை எண்ணினேன். முப்பத்தொன்பது இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு இருக்கிறது.

கேட்டால், "கடையில வேற பாட்டில் வாங்கி வச்சிருக்கேன். மத்தியானம் சாப்பிட்டதும் போட்டுக்கறேன். உன் கண்ணு முன்னாடி முழுங்கினா தொண்டையில நிக்குது" என்கிறாள்.

"சரி, இன்னைக்குப் போட்டியா?"

"கணக்கு, நீ போன ஜென்மத்துல செக்கிங் இன்ஸ்பெக்டர்."

கணக்கு என்றுதான் என்னைக் கூப்பிடுவது. கோபம் வந்தால் கணக்குப்பிள்ளை. அந்தப் பதிலை நான் நம்பவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பத்து வருஷத்தைக் கூட்டிச் சொன்னவள். இதையா சொல்ல மாட்டாள்?

ஜூலை 4

ராத்திரிக்கு அவள் குடிக்கும் பாலில் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். சர்க்கரை ஒரு கரண்டி கூட. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன, பால்காரர் மேல உனக்குப் பாசம் ஜாஸ்தியா? இனிக்குது" என்றாள்.

இது பொய்யா என்று பிரார்த்தனையில் கேட்டேன். மருந்துதானே, விஷமா என்று நானே சொல்லிக்கொண்டேன். நோட்டில் 'பாலில்' என்று எழுதினேன். மறைத்துக் கொடுத்தாலும் மறைத்து எழுத எனக்கு வராது.

ஆகஸ்ட் 20

கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. கை சரியாக மடங்குகிறது. மாத்திரை, பால், ஒரு நாளும் தவறவில்லை.

குட்டி வந்து நான்கு நாள் இருந்துவிட்டு இன்று கிளம்பினாள். பெட்டி அடுக்கும்போது என்னிடம் மட்டும், "மூணு மாசமா ஒழுங்கா வரல சித்தி" என்றாள். "அலைச்சல்டி. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு" என்றேன். தலையை ஆட்டினாள்.

செப்டம்பர் 17

மாடிப்படி பதினெட்டு. அக்கா பதினொன்றாவது படியில் நின்றாள்.

"ஏன் நின்னுட்ட?"

"சுவத்துல ஒட்டடை. பாத்துக்கிட்டிருக்கேன்."

செப்டம்பர் 18

ஒட்டடையைச் சுத்தமாக அடித்துவிட்டேன். இன்றும் பதினொன்றில் நின்று சுவரைத்தான் பார்த்தாள். வெறும் சுவர். நான் கீழேயிருந்து பார்ப்பது தெரிந்ததும், "நல்லா வெள்ளையடிச்சிருக்காங்க" என்றாள்.

நோட்டில்: படி 11. மூச்சு. எலும்பில் பலம் இல்லாததால் இருக்கும்.

அக்டோபர் 8

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு அக்கா திரைச்சீலைக் கடைக்குப் போய்விட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் துணி உருளைகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன. நடுவில் வெட்டு மேசை, அதன் விளிம்பு முழுக்கப் பித்தளை அளவுப்பட்டி. அக்கா மேசையில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையைப் பின்னால் வளைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக் கத்தரியைப் பிடித்தாள்.

புது ஆஸ்பத்திரி வார்டுக்கு அறுபத்துநான்கு திரை. கட்டிலைச் சுற்றி இழுக்கிற வகை, பச்சை. தையல் மெஷினில் உட்காரும் ஒல்லிப் பெண்ணுக்குக் கடையில் ஊசி என்று பேர். அவள்தான் சொன்னாள்: "காலையில வாந்தி வேற எடுத்தாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. என்னையும் சேத்து வெட்டிடுவாங்க."

"ஏய் ஊசி, வாயைத் தைச்சுக்கிட்டு வேலையைப் பாரு" என்று மேசையிலிருந்து குரல் வந்தது.

எலும்பு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். முதுகு வலி என்றதும், "எலும்பு தேய்ஞ்சா முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள். வெந்நீர்ப் பை வைத்தேன். நோட்டில்: வாந்தி. முதுகு. எலும்பு.

நவம்பர் 5

இப்போது தாடையில் வலி, இடது பக்கம். படியேறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது. பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னக் கண்ணாடியால் எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்பத்தெட்டு வயசுல இப்படி ஒரு வரிசையை நான் பாத்ததில்ல. பல்லுல ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்ப வலி?"

"கொஞ்சம் பேச்சைக் குறைச்சுப் பாருங்க."

வெளியே வந்து இரண்டு பேரும் பஸ் வரும்வரை சிரித்தோம். இருமி இருமிச் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

நோட்டில்: தாடை. தாடையும் எலும்புதானே.

நவம்பர் 26

வரிசையாக எழுதுகிறேன்.

பழைய புத்தகக் கடையில் பெண்களின் உடல்நலம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று வாங்கி ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் பத்தாவது தாண்டாதவள். இங்கிலீஷ் எனக்கு அகராதியும் மருந்துப் பெட்டிகளும் சொல்லிக்கொடுத்ததுதான். எலும்பு அத்தியாயத்தின் கடைசியில் அரைப்பக்கம். எலும்பு மெலிந்த பெண்களிடம் இதயக் குழாய் நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது. எலும்பில் சுண்ணாம்பு குறைகிற அதே காலத்தில் ரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிவதும் உண்டு. ஒன்றால்தான் மற்றது வருகிறதா, இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது முழுதாகத் தெளிவாகவில்லை. மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்களுக்கு இரண்டிலும் ஆபத்து அதிகம். பெண்களுக்கு மாரடைப்பு மார்பு வலியாகத்தான் வரும் என்பதில்லை. மூச்சு வாங்கலாம், குமட்டலாம், முதுகு வலிக்கலாம், தாடை வலிக்கலாம்.

மூச்சு. வாந்தி. முதுகு. தாடை. என் நோட்டை யாரோ எடுத்துப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. எல்லாம் வரிசையாக, தேதியோடு, 'எலும்பு' என்ற தலைப்புக்குக் கீழே.

ஸ்கேன் அறிக்கையை உறையிலிருந்து எடுத்தேன். ஜூனில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தது. எண்ணுக்குக் கீழே, கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அகராதி வைத்துச் சொல்சொல்லாகப் பிரித்தேன். பக்கவாட்டுப் படத்தில், வயிற்றுப் பெரிய ரத்தக் குழாயின் சுவரில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறது. நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்.

நூல் இல்லை.

ஐந்து மாதம் என் அலமாரியில், என் உறையில், என் கையெழுத்தில் தேதி போட்டு இருந்திருக்கிறது.

நவம்பர் 27

இவரிடம் சொன்னேன். "அண்ணன்கிட்ட சொல்லு, நான் என்ன பண்ணட்டும்" என்றார். அத்தானிடம் சொன்னேன். புத்தகத்தை அடையாளம் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். திறக்கவே இல்லை.

"டாக்டர் படிக்காத வரியை நீ படிச்சியாக்கும்."

"படிச்சிருப்பார் அத்தான். சொல்லல."

"சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அவளுக்கு அம்பத்தெட்டு வயசு, மூச்சு வாங்காம பாட்டா வரும்? இதையெல்லாம் அவ காதுல போட்டு வைக்காத."

இந்த வீட்டில் தம்பி மனைவி எவ்வளவு தூரம் பேசலாமோ அவ்வளவு பேசிவிட்டேன். அதற்கு மேல் ஒரு படி இருந்தது. ஏறவில்லை.

நவம்பர் 29

காதில் போட்டேன்.

"எலும்புக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர், இப்ப நெஞ்சுக்கு ஒருத்தரா? என்னை உதிரி உதிரியா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டு வந்துடேன்."

"விளையாடாத அக்கா. அந்த வயசை மட்டும் அன்னைக்குச் சரியா சொல்லியிருந்தா—"

"அவர் பக்கத்துல உக்காந்திருக்கும்போதா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முப்பத்தொம்பதுல கிழவி ஆயிட்டேன்னு அவருக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்." பிறகு, "இன்னும் பத்தொம்பது திரை இருக்கு. முடிஞ்சதும் வரேன். சத்தியமா வரேன், முகத்தை அப்படி வச்சுக்காத."

பாலைக் கொடுத்தேன். மாத்திரை போட்டுத்தான். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு.

டிசம்பர் 3

எலும்பு டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன். நர்ஸ்தான் பேசினாள். "அந்த வரி நிறையப் பேருக்கு வருதும்மா. வயசானா வர்றது. வேணும்னா இதய டாக்டரைப் பாருங்க." வேணும்னா.

இதய டாக்டருக்கு நாள் கேட்டேன். டிசம்பர் முப்பது, காலை பத்தேகால். அதற்கு முன்னால் இடமே இல்லையாம். இருபத்தேழு நாள்.

டிசம்பர் 9

படி 9. நாள் 21.

டிசம்பர் 14

படி 7. நாள் 16. ஒட்டடை, வெள்ளையடிப்பு எதுவும் சொல்லவில்லை. சும்மா நின்றாள்.

ஆண்டவனே, ஏதாவது பதில் சொல். நீயும் முப்பதாம் தேதிதான் பார்ப்பாயா?

டிசம்பர் 19

ஊசி போன் பண்ணினாள் பதினொன்றரைக்கு— அக்கா மேசை மேலயே சாஞ்சுட்டாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க—

நான் போறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. வேர்த்து ஊத்தி இருக்கா. முகம் சாம்பல். என்னைப் பாத்ததும், இன்னும் நாலுதான் கணக்கு, நாலே நாலு திரை அப்படிங்கறா. ஏன்டி நான் அந்த மேசையைக் கவிழ்த்துப் போட்டு உன்னை இழுத்துட்டு வரல. பதினாறு நாள் உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேனே. எண்ணத்தானே தெரியும் எனக்கு. வேற என்ன தெரியும்.

பெரிய மாரடைப்பு. உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். அத்தான் செருப்பு மாற்றிப் போட்டு வந்திருக்கிறார். ஒன்று இவருடையது.

டிசம்பர் 20

குழாயைத் திறந்து ஒரு கம்பி வலை வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு குழாய் அடைத்திருக்கிறது. இதயத்தில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை.

இங்கே இருக்கும் இதய டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டையும் அறிக்கையையும் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பக்கவாட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"எந்த வயசுல நின்னுச்சு?"

அத்தான் வாசலில் நின்றார். "முப்பத்தொன்பது" என்றேன். அத்தான் என்னைப் பார்த்தார். டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டாள்.

"எலும்பை ஒருத்தரும் இதயத்தை ஒருத்தரும் தனித்தனியா பாக்கறோம்மா. உடம்பு அப்படிப் பிரிச்சு வச்சுக்கல. சீக்கிரம் நின்னுட்டா எலும்புக்கும் பாதுகாப்பு போகுது, குழாய்க்கும் போகுது." நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க எழுதுனதுல ஒண்ணுகூட தப்பு இல்ல. தலைப்புதான் வேற."

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

குட்டி சாயங்காலம் வந்து சேர்ந்தாள்.

டிசம்பர் 21

பார்வையாளர் நேரம் ஒரு மணி. அக்கா கண்ணைத் திறந்ததும் கட்டிலைச் சுற்றியிருந்த திரையைத்தான் பார்த்தாள். "நம்ம கடை இல்ல. மடிப்பைப் பாரு, கோணல். குடுத்த காசு தண்டம்." மூச்சுக்கு நடுநடுவே இதைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

குட்டியைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குட்டிகிட்ட சொல்லாத. அந்த முப்பத்தொம்பது."

"ஏன்?"

"இப்பதான் ஒரு குழந்தைக்கு டாக்டரைப் பாக்கலாம்னு அவளும் மாப்பிள்ளையும் முடிவு பண்ணியிருக்காங்க. தனக்கும் அம்மா மாதிரி ஆயிடும்னு பயந்துடுவா. அந்தப் பயத்தோட நான் நாலு மாசம் இருந்திருக்கேன், எனக்குத் தெரியும். ஆண்டவன் மேல சத்தியமா சொல்லு."

சொன்னேன். ஆண்டவன் மேல்தான் சொன்னேன்.

"கணக்குப்பிள்ளை சொன்னா சொன்னதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 23

காலை ஆறு நாற்பது.

டிசம்பர் 30

இன்று காலை பத்தேகாலுக்கு இதய டாக்டரிடம் எங்களுக்கு நேரம் இருந்தது. ரத்து செய்ய மறந்துவிட்டேன். அவர்கள் போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

ஜனவரி 6

ஊசி வந்தாள். கடை இழுப்பறையில் இருந்த அக்காவின் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கத்தரி, அளவு நாடா, சுண்ணக்கட்டி, உடைந்த மூக்குக்கண்ணாடி ஒன்று. அடியில் மாத்திரை பாட்டில்கள். இரண்டு காலி. மூன்றாவதில் பாதிக்குக் கீழ்.

"தினமும் சாப்பிட்டதும் போடுவாங்க. போட்டுட்டு, வீட்டுல ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கா, தவறுனா தூக்குல போட்டுடுவான்னு சொல்லி சிரிப்பாங்க" என்றாள் ஊசி. அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள்.

அவள் சொன்னது உண்மை. வேறு பாட்டில் இருந்தது. அவள் தினம் போட்டுக்கொண்டாள், நான் தினம் பாலில் போட்டேன். ஐந்தரை மாதம், இரண்டு மடங்கு. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தவளுக்கு நான் தினம் ராத்திரி சர்க்கரை போட்டு, சுண்ணாம்பு கரைத்து, ஒரே மடக்கில் குடிக்க வைத்திருக்கிறேன்.

ஜனவரி 7

அக்காவைப் பார்த்த இதய டாக்டரிடம் போனேன். இருபத்துமூன்று பேருக்குப் பிறகு இரண்டு நிமிடம் கிடைத்தது. பாட்டில்களை மேசையில் வைத்தேன்.

"அந்தக் கோடு ஜூன் படத்துலயே இருக்கு. நீங்க குடுக்கறதுக்கு முன்னாடி. அது பல வருஷமா படிஞ்சது" என்றாள்.

"நான் குடுத்தது அதோட சேந்திருக்குமா?"

ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் போலும். "இவ்வளவு குறைஞ்ச காலத்துல பெருசா எதுவும் பண்ணியிருக்காதுன்னுதான் நினைக்கறேன். ஆனா இல்லவே இல்லைன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதும்மா. யாராலயும் முடியாது."

அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

ஜனவரி 11

குட்டி அம்மாவின் துணிகளைப் பிரிக்க வந்திருந்தாள். எலும்பு டாக்டர் மேல் புகார் எழுதப் போகிறாளாம். "உங்க நோட்டைக் குடுங்க சித்தி. தேதியெல்லாம் அதுலதான் இருக்கு."

'பாலில்' என்று எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்திருக்கலாம். தைத்த நோட்டு, ஒரு பக்கத்தைக் கிழித்தால் எதிர்ப்பக்கமும் கழன்று வரும் என்று நினைத்தேன். அது காரணம் இல்லை என்றும் தெரியும். நோட்டையும் பாட்டில்களையும் அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை நாள்?"

"நூத்தி அறுபத்தெட்டு."

எண்ணிக்கையைக் கேட்டதும்தான் அவள் முகம் மாறியது. தோராயமாகச் சொல்லியிருக்க வேண்டுமோ.

"அம்மா சொன்னாங்கல்ல, கடையில போட்டுக்கறேன்னு. ஏன் நம்பல?"

ஏன் நம்பவில்லை என்பதற்குப் பதில் இருந்தது. முப்பத்தொன்பது என்று தொடங்குகிற பதில். சத்தியம் செய்திருந்தேன்.

"எல்லாத்தையும் எழுதுனீங்க சித்தி. ஒரு தடவை அவங்களை நம்பியிருக்கலாம்." நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பதினெட்டுப் படியையும் நிற்காமல் ஏறினாள். ராத்திரி வண்டிக்குச் சொல்லாமலே கிளம்பிவிட்டாள்.

ஜனவரி 15

போன் எடுக்கவில்லை.

ஜனவரி 22

எடுக்கவில்லை. அத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து, வெகுநாள் பழக்கம் போல அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். "முப்பத்தொம்பதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவ. நான் என்ன பண்ணிடப்போறேன்" என்றார். தண்ணீர் கொடுத்தேன்.

ஜனவரி 30

பிரார்த்தனைப் பட்டியலை இன்றுதான் திருத்தினேன். இருப்பவர்கள் பதினாறு. முதலிடம் காலியாக இருந்தது. குட்டியை அங்கே கொண்டுவந்தேன்.

எழுதின கையோடு இந்த டைரியை ஆகஸ்ட் மாதத்துக்குத் திருப்பினேன். இருபதாம் தேதி. 'அலைச்சல்டி' என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்று நாளாக ஆண்டவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சத்தியத்தை மீறலாமா? பதில் வரவில்லை. இதுவரை எதற்கு வந்தது. அக்கா, நீ என்னைக் கணக்குப்பிள்ளை என்று நம்பிச் சொன்னாய். அந்த நம்பிக்கையை நான் இப்போது உடைக்கிறேன். அங்கே வந்தபின் செருப்பால் மிதி.

அனுப்பப்போவதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

குட்டி,

உன் அம்மாவுக்கு மாதவிடாய் நின்றது நாற்பத்தொன்பதில் இல்லை. முப்பத்தொன்பதில். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீ பயப்படுவாய் என்பதற்காக. டாக்டரிடம் அவள் வயதை மாற்றிச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அதனால்தான் மாத்திரை விஷயத்திலும் அவளை நம்பவில்லை. இது சாக்கு இல்லை, நீ கேட்டதற்குப் பதில்.

போன ஆகஸ்டில் மூன்று மாதமாக ஒழுங்காக வரவில்லை என்று நீ சொன்னபோது அலைச்சல் என்றேன். அதுவும் தவறான தலைப்பு. ஒரு நல்ல பெண் டாக்டரிடம் போ. அம்மாவின் வயதைச் சரியாகச் சொல். எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எண்ணை மட்டும் பார்க்காதே, கடைசி வரிவரை படி. பக்கவாட்டுப் படத்தைக் கேட்டு வாங்கு. இதயத்தையும் பார்க்கச் சொல். ஒரே நாளில், ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் சொல்.

என் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். என்னோடு பேச வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு உனக்கு வந்ததா, இல்லையா?

ஒரு வார்த்தை எழுதினால் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

சித்தி